வலது பெருவிரல்

சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்க மூன்று நிமிடம் போதும். செருப்பைக் கழற்றச் சொல்லி, மேல்பக்கம் பார்த்து, அடிப்பக்கம் பார்த்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். பிறகு அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பத்து இடத்தில் தொட்டு, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்க வேண்டும். ஹவுஸ் சர்ஜனாக வந்த ஆறு மாதத்தில் ஐந்நூறு பாதங்களாவது பார்த்திருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்லுவேன். தூக்கத்தில் எழுப்பினால் கடித்துக் குதறிவிடுவேன் என்பது வேறு விஷயம்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. என்னோடு வேலை பார்க்கிற மற்ற ஹவுஸ் சர்ஜன்களுக்கு இருபத்து மூன்று. அவர்களுக்கு நான் கீர்த்தி அக்கா. முன்நெற்றியில் நாலு நரைமுடி தெரிவதால் நோயாளிகள் என்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, "இந்தச் சின்னப் பசங்க ஊசி போட்டா கை வீங்குதும்மா, நீங்களே போடுங்க" என்பார்கள். நர்ஸ்களுக்கு உண்மை தெரியும். "பி.இ. மேடம், ஒம்பதாம் பெட்டுக்கு ரத்தம் எடுத்தாச்சா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்கள்.

ஆமாம், பி.இ. எலக்ட்ரானிக்ஸ். அதன் பிறகு சிறுசேரியில் நான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. அதை விட்டுவிட்டு ஏன் இதற்கு வந்தாய் என்று கேட்காத ஆள் பாக்கி இல்லை. வெளியாட்களுக்குச் சேவை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. ப்ளஸ் டூவில் ஒன்றரை மார்க்கில் மெடிக்கல் சீட் போனது. இருபத்தைந்து வயதிலும் ஏதாவதொரு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தால் எனக்கு வயிறு எரிந்தது. வேலையை விட்டேன். முதல் தடவை நீட்டில் கோட்டை விட்டேன், இரண்டாவது தடவை அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

வேலையை விட்ட செய்தியை நான் சொன்னபோது அம்மா தறியில் இருந்தாள். அம்மா பெயர் லோகாம்பாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அவளும் நானும்தான். அப்பா நான் பி.இ. முடித்த வருடமே போய்விட்டார்.

"வேலைய வுட்டுட்டேம்மா. டாக்டருக்குப் படிக்கப் போறேன்."

ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா அம்மா கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டேதான் இருந்தது.

"பெயிலாயிட்டா?"

"மறுபடியும் எழுதுவேன்."

"சரி. கொழம்பு மூடி வெச்சிருக்கேன். போட்டுத் துன்னு."

அந்த ஒரு 'சரி'யை வைத்துக்கொண்டுதான் ஏழு வருடம் ஓட்டியிருக்கிறேன். இருபத்து மூன்று வயதில் முப்பத்தாறு மணி நேரம் விழித்திருப்பதும் முப்பத்திரண்டு வயதில் விழித்திருப்பதும் ஒன்றல்ல. பசங்கள் ட்யூட்டி முடித்துவிட்டு மூஞ்சி கழுவிக்கொண்டு படத்துக்குப் போகிறார்கள். நான் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தால், காஞ்சிபுரம் வந்து கண்டக்டர் தோளைத் தட்டும்வரை எனக்கு எதுவும் தெரியாது. முதுகு வலிக்கும், குதிகால் வலிக்கும், பல்கூட வலிக்கும். என் வயதில் கூடப் படித்தவர்கள் வீடு வாங்கிவிட்டார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு போட்டோ போடுகிறார்கள். நான் இன்னும் ஒருவருடைய கையெழுத்துக்காக அட்டெண்டன்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவேன். வாசற்படி ஏறியதும் முன்கூடத்தில் தறி. எங்களுடையது குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம், அதன் விளிம்பில் பலகை போட்டு உட்கார்ந்து காலைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அடியில் இருக்கும் மிதிகளைக் கால் மாற்றி மாற்றி அழுத்தினால்தான் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் மேலும் கீழும் பிரியும், நாடா ஓடும். தறிக்குள் செருப்போடு இறங்கினவர் எங்கள் தெருவில் கிடையாது. தறி சாமி, அதோடு, மிதி எது என்பதைப் பெருவிரல்தான் தொட்டுத் தெரிந்துகொள்ளும். அதனால் நான் வரும்போதெல்லாம் எனக்குத் தெரிந்த அம்மா இடுப்புக்கு மேலே மட்டும்தான். நான் வாசலிலிருந்தே கேட்பேன்.

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ போய்ப் படு."

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். இந்த நாலு வார்த்தையோடு அந்த வாரத்துக்கான மருத்துவம் முடிந்துவிடும். நான் உள்ளறையில் போய் விழுவேன். சாயங்காலம் எழுந்தால் அவள் மறுபடி தறியில் இருப்பாள். விடிந்தால் எனக்கு பஸ்.

இந்தத் தூக்கத்தையும் முழுதாக விட மாட்டாள். மகள் டாக்டர் என்பதை அம்மா தெருவுக்கே பங்கு வைத்தாள். முதல் வருடம் நான் தவளையைக்கூட அறுக்காதபோதே, பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் தன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஹவுஸ் சர்ஜன் ஆனபிறகு கேட்கவே வேண்டாம். முட்டி வலி, மூலம், பேரனுக்கு வாந்தி. "ஒரு நிமிசம் பாத்துடும்மா, பாவம், வந்துக்கினாங்க" என்று அம்மா அறைக்கதவைத் தட்டுவாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் இரண்டு பகல் ஒரு இரவு முடித்து வந்து படுத்திருந்தேன். கண் சொருகி அரைமணி ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. காமாட்சியம்மாளின் பிரஷர் மாத்திரை நிறம் மாறி வந்திருக்கிறதாம். பதில் சொல்லி அனுப்பிவிட்டு முன்கூடத்துக்கு வந்து கத்தினேன்.

"நான் மனுஷியா, மிஷினா? இனிமே நான் தூங்கும்போது ஒருத்தரும் வரக்கூடாது. யாருக்கு எதுன்னாலும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. அங்க பாக்கறேன். இங்க நான் டாக்டர் இல்ல."

அம்மா ஓடிய நாடாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரி," என்றாள்.

அன்றிலிருந்து ஒருவரும் வரவில்லை. இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் போன வருடமே கத்தியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

புரட்டாசியில் எனக்கு சர்ஜரி வார்டு. ஒரு திங்கட்கிழமை முசரவாக்கத்திலிருந்து ஆனந்தராஜ் என்கிற ஷேர் ஆட்டோ டிரைவர் தன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியவருக்குச் சர்க்கரை. காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தபோது உள்ளே புழு நெளிந்தது. எனக்கு அருவருப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன்.

"எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"தெரியலீங்க மேடம். நேத்துதான் நாத்தம் வந்துச்சி."

"ஒரே வீட்லதான இருக்கீங்க? வீட்ல யாரும் பாதத்தப் பாக்க மாட்டீங்களா? மூணு நிமிஷம். பெத்தவர் கால மூணு நிமிஷம் பாக்க நேரமில்லியா?"

"காலைல அஞ்சு மணிக்கு வண்டி எடுத்தா ராத்திரிதாங்க வருவேன்."

"எல்லாருக்கும் வேலை இருக்குது."

அந்த மனுஷன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற தன்வீர் என் கையைத் தொட்டான். தன்வீர் என் யூனிட்தான், பஜார் பக்கத்துப் பையன், படிப்பில் புலி, என்னைவிட ஒன்பது வயது சின்னவன்.

"அக்கா, கொஞ்சம் ஓவராப் போய்ட்டீங்க."

"ஓவரா? அவர் கால் போகப் போகுது தன்வீர். கேட்டாத்தான் அடுத்த தடவையாவது பாப்பாங்க. நீயும் கேளு. சர்க்கரைப் புண்ணுன்னு யார் வந்தாலும் கூட வந்தவங்கள இத கேக்கணும். கேஸ் ஷீட்டுல எழுதணும்."

அவன் கேட்டான். மற்ற பசங்களும் கேட்டார்கள். ஒரே வாரத்தில் அதற்கு 'அக்கா கேள்வி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆயுத பூஜை அன்று காலையில் ட்யூட்டி முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வருடத்தில் அந்த ஒரு நாள் தறி ஓடாது. குழியைக் கழுவி, தறி மரத்துக்கெல்லாம் விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. பலகை மேல் வாழையிலை, பொரி கடலை, நாடா. நாடாவுக்குப் பக்கத்தில் என் பழைய ஸ்டெதாஸ்கோப். அதற்கும் பொட்டு. போன வருடம் வைத்த குங்குமமே அதில் இன்னும் போகவில்லை.

காமாட்சியம்மாளும் வந்திருந்தாள். அம்மா கற்பூரம் காட்டினாள். எங்கள் வீட்டில் பூஜை முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்ள வேண்டும். வருடா வருடம் அம்மா இதற்காகவே விறைப்பாக நிற்பாள். இந்த வருடம் நான் குனிந்ததும் பின்னால் நகர்ந்தாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்மா. நின்னபடியே பூசிக்கோ."

"நில்லும்மா, முதுகு பிடிச்சிக்கப் போகுது," என்று சொல்லிக்கொண்டே விழுந்தேன். நெற்றி அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, கற்பூரத்துக்கும் சந்தனத்துக்கும் அடியிலிருந்து ஒரு வாசனை வந்தது. வார்டில் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும் வாசனை. நான் எழுந்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் புடவைக் கரையை விலக்கினேன்.

வலது பெருவிரலைச் சுற்றிப் பழைய வேட்டித் துணி. அதைப் பிரித்தேன். மஞ்சளும் காப்பித்தூளும் அடையாக அப்பியிருந்தன. அதன் கீழே விரல் நுனி கறுத்திருந்தது. அடிப்பக்கம் ஒரு சின்னப் பொத்தல், சுற்றிலும் வெளுத்த தோல், சிவப்பு பாதத்தின் பாதிவரை ஏறியிருந்தது. லேசாக அழுத்தினேன். சீழ் வந்தது.

"வலிக்குதா?"

"இல்லியே. வலிச்சாத்தான் தெரிஞ்சிருக்குமே."

"எப்பம்மா ஆச்சு?"

"மிதியிலேந்து மரச் சிலாம்பு ஏறிடுச்சு போலக்குது. ஆவணி கடைசில. எனக்கெங்க தெரிஞ்சுது? நாடா எடுக்கக் குனிஞ்சப்ப ரத்தம் பாத்தேன். காமாட்சிதான் ஊசில எடுத்து வுட்டா."

"நான் அன்னிக்கே சொன்னேன் கீர்த்தி, பொண்ணாண்ட காட்டுன்னு," என்றாள் காமாட்சியம்மாள்.

ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் நான் எட்டு தடவை இந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன். அம்மா நொண்டவில்லை, ஏனென்றால் அவளுக்கு வலிக்கவில்லை. குழிக்குள் அந்த விரலாலேயே ஒரு மாதம் மிதித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று நான் அப்போது கேட்கவில்லை. பொரியையும் வாழையிலையையும் அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து, தன்வீருக்குப் போன் செய்து, ஒன்றேகால் மணி நேரத்தில் என் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான். விரலோடு போகுமா, கால் போகுமா.

எக்ஸ்ரேயில் விரல் எலும்பு அரித்துப்போயிருந்தது. எங்கள் யூனிட் தலைவர் வெங்கடேசன் சார் படத்தை இரண்டு தடவை பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பெருவிரல் போயிடும்மா. அதோட நிக்குமான்னு திறந்து பாத்தாத்தான் தெரியும். நிக்கலேன்னா கணுக்காலுக்கு மேல போக வேண்டியிருக்கும்," என்றார் என்னிடம். பிறகு அம்மாவிடம் திரும்பி, "பயப்படாதீங்க," என்றார்.

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டாள். "வெரலு இல்லாம மிதி மிதிக்க வருமா சார்?"

"மொதல்ல நடக்கறதப் பாப்போம்மா," என்றார் அவர்.

சாயங்காலமே தியேட்டருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதே பெஞ்சில் கூட்டம் போடாதீர்கள் என்று நான் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். அன்று என்னை யாரும் விரட்டவில்லை. ஒன்றரை மார்க்குக்காக வயிறெரிந்து வந்தவளுக்கு இது வேண்டும் என்று தோன்றியது. சிறுசேரியிலேயே இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன், அவள் நடந்து வருவதைப் பார்த்திருப்பேன் என்றெல்லாம் தோன்றியது. அழுகை வந்தது. அழுவதற்கும் தெம்பு இல்லாமல் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து சார் வெளியே வந்தார். பெருவிரலையும் அதன் பின்னாலிருந்த எலும்பில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். வெட்டின இடத்தில் நல்ல ரத்தம் வருகிறது, பாதம் தப்பியது என்றார். "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன்," என்றும் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா வார்டில் தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கால் கட்டோடு உயர்த்தி வைத்திருந்தது. முந்தின நாள் அவசரத்தில் கேஸ் ஷீட் பாதிதான் எழுதியிருந்தார்கள். மீதியை எழுதத் தன்வீர் வந்தான். சொந்த அம்மாவுக்கு நான் எழுதக்கூடாது, அதனால் ஸ்டூலில் கூட வந்த ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

பெயர், வயது, எத்தனை வருடமாகச் சர்க்கரை, என்ன மாத்திரை, எப்படிக் காயம் பட்டது. அம்மா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினான். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அவன் தாளைப் புரட்டினான்.

"எதுக்குப் புரட்ற? கேளு."

"வேணாம்கா."

"எல்லாரையும் கேக்கறதுதானே. கேளு தன்வீர்."

அவன் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான்.

"வீட்ல யாரும் பாதத்தப் பாக்க மாட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அது மேல தப்பில்ல தம்பி. காட்டலாம்னு நான்தான் ரெண்டு மூணு வாட்டி போனேன். கட்ட அவுத்துக்கினு, ரூம் கதவாண்ட போய் நின்னேன். தூங்கினு இருந்துச்சு. செருப்பக்கூட கழட்டாத அப்படியே வுழுந்து கெடந்துச்சு. தூங்கும்போது யாரும் வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்குதே. யாருக்கு எதுன்னாலும் ஆஸ்பத்திரிக்கு வரணும்னுச்சு. பெத்தவன்னா எனக்கு மட்டும் தனிச் சட்டமா? தறியில இருந்த பொடவைய நெஞ்சு முடிச்சு அறுத்துக் குடுத்துட்டு, பூஜ முடிஞ்சதும் இங்க வரலாம்னுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு இட்லியில் ஒரு விள்ளலைப் பிட்டு என் பக்கம் நீட்டினாள். "நேத்துலேந்து ஒண்ணும் துன்னல இது."

தன்வீர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"எழுது," என்றேன். "அம்மா சொன்னத அப்படியே எழுது."